அரை இன்ச் கூட்டி வாங்கிய கோல்ஃப் செட்டும் அதைக் குறைக்க நான் அலைந்த அலைச்சலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இரண்டு இடங்களைப் பற்றிய ரிவ்யூ. முதலாவது ஒரு பெரிய கடை, கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க வரிசையாக டிரைவர் என்கிற நீளமான கோல்ஃப் மட்டைகள். அங்கே நான் காசையும் அதற்கு மேல் எட்டு மாசத்தையும் விட்டேன். இரண்டாவது சென்னையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்கிற ஒருத்தர். இரண்டுக்கும் பெயர் போடவில்லை. கடையைச் சந்தி சிரிக்க வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. கொட்டகைக்காரரோ, "பேரைப் போட்டுடாதீங்க சார், இருக்கிற வேலையே ஒரு மாசத்துக்குப் பாக்கி கிடக்கு" என்று கேட்டுக்கொண்டார். பெயர் இல்லாத ரிவ்யூவால் என்ன பிரயோஜனம் என்றால், அடுத்த தடவை யாராவது உங்கள் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு பில் போட உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடலாம், அவ்வளவுதான்.

காரைக்குடிப் பக்கம் கோல்ஃப் ஆடுகிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் எங்கே ஆடுகிறாய் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பள்ளத்தூரைச் சுற்றிப் புல்தரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது; செம்மண், சரளை, சீமைக் கருவேலம், கோடையில் வறண்டு கிடக்கிற கண்மாய். பதினேழு வருஷம் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது, ஊருக்குத் திரும்பிய பிறகும் விட முடியவில்லை. வீட்டுப் பின்கட்டில் வலை கட்டி வைத்திருக்கிறேன், கண்மாயில் தண்ணீர் இல்லாத மாசங்களில் அங்கே போய் அடிப்பேன், வருஷத்துக்கு இரண்டு தடவை கொடைக்கானலில் ஆடுவேன். 1895ல் தொடங்கிய கிளப் அது, மேடும் பள்ளமுமாக இருக்கும். இவ்வளவுதான் என் கோல்ஃப். அதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

மலேசியாவில் இருந்த பழைய செட்டை அங்கேயே மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே வந்து ஒரு பெரிய ஊரின் பெரிய கடையில் புதுசு வாங்கினேன். அயர்ன் என்கிற உலோகத் தலை மட்டைகளில் 5ஆம் நம்பரில் இருந்து பிட்சிங் வெட்ஜ் வரை ஆறு, எல்லாம் ஸ்டீல் ஷாஃப்ட் (மட்டையின் கம்பி), மணலில் இருந்து எடுக்க ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு டிரைவர், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர்; இந்த மட்டைகளைத்தான் கிளப் என்பார்கள். விளம்பரப் பலகையில் 'இலவச கஸ்டம் ஃபிட்டிங்' என்று போட்டிருந்தது, அதாவது ஆளுக்குத் தகுந்த மாதிரி மட்டையைச் சரிசெய்து தருவது. அந்த ஃபிட்டிங் எப்படி நடந்தது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"சார் ஹைட் என்ன?"

"அஞ்சு பதினொண்ணு."

"அப்ப உங்களுக்கு ப்ளஸ் ஹாஃப் சார்."

முடிந்தது. அளவு நாடா இல்லை, ஒரு பந்துகூட அடிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஒரு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான், ஒரு வாரம் கழித்து எல்லா அயர்னும் அரை இன்ச் நீட்டி, மேலே புது கிரிப் போட்டு வந்தது. நீட்டுவது என்றால் ஷாஃப்டின் மேல்முனைக்குள் ஒரு செருகலை வைத்து ஒட்டி, அதன் மேல் கிரிப் மாட்டுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, உயரமான ஆள் என்று கடைக்காரரே சொல்லிவிட்டாரே.

அடுத்த எட்டு மாசம் என் ஆட்டம் நாசமாகப் போனது. 7 அயர்ன் எடுத்தால் பந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பத்தில் ஒன்று ஷாஃப்ட் சேரும் கழுத்தில் பட்டு வலது பக்கம் தெறிக்கும். பின்கட்டில் வலையைத் தாண்டி அடுத்த வீட்டுத் துவைகல்லில் போய் மோதியது ஒருநாள், அந்த வீட்டு ஆச்சி மூணு நாள் என்னோடு பேசவில்லை. முதுகும் லேசாகப் பிடிக்க ஆரம்பித்தது. வயசு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, அதனால்தான் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். யூடியூபில் இருக்கிற எல்லா வாத்தியார்களிடமும் பாடம் கேட்டேன். ஒருத்தர் இடுப்பைத் திருப்பச் சொல்வார், இன்னொருத்தர் திருப்பாதே என்பார்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது கோல்ஃபே பார்க்காத ஒருத்தர். எங்கள் கொல்லையில் கருவேலம் வெட்ட வந்தவர், வேலைக்கு நடுவே திண்டில் உட்கார்ந்து நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, கணை நெட்டையா இருக்கு. நுனி வயித்துக்கிட்ட வந்து இடிக்குது பாருங்க" என்றார். எனக்குப் பளிச்சென்று பட்டது. எங்கள் பக்கம் மம்பட்டிக்குக் கணை போடுகிறவர் ஆளை எதிரில் நிற்க வைத்துத்தான் போடுவார். இரண்டு பேர் ஒரே உயரம் இருப்பார்கள், ஒருத்தருக்குக் கை நீளம், ஒருத்தர் குனிந்து வெட்டுகிறவர், கணை வேறு வேறு. நாற்பது ஐம்பது ரூபாய்க் கணைக்குப் பார்க்கிற பார்வையை அந்தக் கண்ணாடிக் கடையில் எனக்கு யாரும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரியே அளவெடுத்தோம். வளவில் ஆத்தங்குடிக் கல் தரை சமமாக இருக்கும், விளையாடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு அதன் மேல் நிமிர்ந்து நின்றேன், கையைச் சும்மா தொங்கவிட்டேன், வீட்டுக்காரி தையல் டேப்பை எடுத்துவந்து மணிக்கட்டு மடிகிற ரேகையில் இருந்து தரை வரை அளந்தாள். "ஆடாம நில்லுங்க" என்று இரண்டு தடவை அதட்டு. வலது கையில் 33 கால் இன்ச், இடது கையிலும் அதே 33 கால். பொதுவாகப் புழங்குகிற அட்டவணைகளில் 34ல் இருந்து 36 வரை இருந்தால் கம்பெனி நீளமே போதும் என்று இருக்கும், அதற்குக் கீழே போனால் கால், அரை இன்ச் குறைப்பார்கள், மேலே போனால் கூட்டுவார்கள். அஞ்சு பதினொன்று உயரத்துக்கு எனக்கு 35க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். கைதான் நீளம். எங்கள் அப்பச்சியை அப்பத்தா ஆஜானுபாகு என்று கூப்பிட்டுக் கேலி செய்வதுண்டு, அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது. ஆக, குறைக்க வேண்டிய ஆளுக்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த அளவும் ஆரம்பப் புள்ளிதான், இதோடு நிறுத்திவிட முடியாது. பந்து மட்டையின் முகத்தில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்காமல் நீளத்தை முடிவு செய்யவே கூடாது. அதைப் பார்ப்பது சுலபம். கடைகளில் இதற்கென்று ஸ்டிக்கர் உண்டு, ஸ்ப்ரே பவுடர் உண்டு. என் கைக்கு அன்றைக்கு எட்டியது திருநீற்று மடல். அதைத் தொடப்போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் கோலமாவு. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு மெல்லிசாகக் கோலமாவைத் தட்டி, ஊதி, அடித்தால் பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும். இருபது பந்து அடித்தேன், பதினாலு தடம் குதிப் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேருகிற பக்கம். நடுவில் விழுந்தது மூன்றோ நாலோ. அப்புறம் அதே 7 அயர்னை ஒரு இன்ச் கீழே இறக்கிப் பிடித்து அடித்தேன். தடங்கள் நடுவுக்கு நகர்ந்துவிட்டன. காசு செலவில்லாத பரீட்சை இது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். கோலமாவை அப்புறம் நன்றாகத் துடைத்துவிடுங்கள், பள்ளக் கோடுகளுக்குள் இறுகிக்கொண்டால் பல் துலக்கும் பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய கடைக்குப் போன் போட்டேன். "ஃபிட்டிங் ஃப்ரீயாத்தான சார் பண்ணோம், திரும்பப் பண்ணணும்னா சார்ஜ் ஆகும்" என்றார்கள். நீளம் தப்பு என்று நான் சொன்னதற்கு, "கம்ப்யூட்டர்ல வந்ததுதான் சார்" என்று பதில். சரி என்று வைத்துவிட்டேன்.

சென்னை ஆளைப் பற்றிக் கொடைக்கானலில் கோல்ஃப் பை தூக்குகிற ஒரு கேடி பையன் சொன்னான். போனில் பேசினால் முதல் கேள்வியே "இப்ப கையில இருக்கிற எல்லாக் கிளப்பையும் எடுத்துட்டு வர முடியுமா?" என்பதுதான். காரைக்குடியில் விடிகாலைப் பல்லவனில் ஏறினேன். கோல்ஃப் பையோடு ரயில் ஏறுவது ஒரு தனி அனுபவம். மேலே தட்டில் வைக்க முடியாது, நடைபாதையில் வைத்தால் டீக்காரர் திட்டுவார், புதுக்கோட்டையில் ஏறிய பெரியவர் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊர்ல கச்சேரி?" என்று கேட்டார். நாயனம் என்று நினைத்திருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி குறுகல், ஃபேன் ஒன்றே ஒன்று, மத்தியானம் தகரத்துக்கு அடியில் வேர்த்துக் கொட்டும். ஒரு பக்கம் வலை, கீழே பாய், ஓரமாகப் பந்தின் வேகத்தை அளக்கிற சின்ன மெஷின். இன்னொரு பக்கம் வைஸ், பைப் கட்டர், மெல்லிய பல் ரம்பம், எபாக்சி பசை டப்பாக்கள், சுவரில் சாய்த்த 48 இன்ச் ஸ்கேல். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் வந்தார், அதற்கு ஒரு மார்க் குறைக்கிறேன்.

வந்ததும் என் உயரத்தைக் கேட்கவே இல்லை. "அடிங்க" என்றார். பத்து பந்து அடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். அப்புறம் ஒரு காரியம் செய்தார், எனக்கு மிகவும் பிடித்தது. பந்தின் மேல் மார்க்கரால் கனமாக ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக மட்டையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி பந்தை வைத்தார். அடித்த பிறகு அந்தக் கோடு மையாக மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. கோடு நேராக நின்றால் மட்டையின் அடி தரையில் சமமாகப் படுகிறது என்று அர்த்தம். என்னுடையது உச்சிப்பிள்ளையார் கோவில் படி மாதிரி சாய்ந்து கிடந்தது. மட்டைத் தலையின் நுனி மேலே தூக்கி, குதி தரையைத் தொடுகிற நிலைமை. அரை இன்ச் நீட்டினால் லை ஆங்கிள் (கம்பிக்கும் தரைக்கும் நடுவே உள்ள சாய்வு) ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்த மாதிரி ஆகிவிடும், நுனி தூக்கினால் முகம் இடது பக்கம் பார்க்கும், வலது கைக்காரருக்குப் பந்து இடது பக்கம்தானே போகும் என்று பாயிலேயே ஒரு கிளப்பைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். எட்டு மாசம் நான் இடுப்பைத் திருப்பிக்கொண்டிருந்தேன், இங்கே விஷயம் கம்பியில் இருந்திருக்கிறது.

அப்புறம் ஸ்விங் வெயிட். இதைப் பற்றி நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள், எனக்கும் அதுவரை சரியாகத் தெரியாது. கிளப்பின் மொத்த எடையை இது சொல்லாது, ஆட்டும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு. தராசு மாதிரி ஒரு கருவியில் கிரிப்பின் மேல்முனையில் இருந்து 14 இன்ச் கீழே தாங்கல் வைத்துப் பார்ப்பார்கள், டி0, டி1, டி2 என்று வரும். நீளம் அரை இன்ச் கூடினால் மூன்று புள்ளி கூடும். என் 7 அயர்ன் கம்பெனியில் இருந்து டி2வில் வந்திருக்க வேண்டியது, தராசில் போட்டால் டி5. தலை கனத்துக் கீழே இழுக்கும், அதைத் தூக்கிப் பிடிக்க முதுகு வேலை செய்யும். நீளத்தை மாற்றுகிறவர் எடையைச் சரிபார்க்காமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பெரிய கடையில் இந்தத் தராசே நான் பார்க்கவில்லை.

அடுத்து அவர் வெவ்வேறு நீளத்தில் நாலு 7 அயர்ன் கொடுத்தார், எது எந்த நீளம் என்று சொல்லாமலே. ஸ்டீலில் 7 அயர்னுக்குக் கம்பெனி நீளம் 37 இன்ச்சை ஒட்டி இருக்கும், கிராஃபைட் (கார்பன் நார்) ஷாஃப்ட் என்றால் அரை இன்ச் கூட. ஒன்று 37 அரை, ஒன்று 37, ஒன்று 36 முக்கால், ஒன்று 36 அரை. எனக்குக் கையில் சுகமாக இருந்தது 37. ஆனால் தடமும் மெஷினும் சொன்னது 36 முக்கால். நீட்டி வைத்திருந்ததில் பந்து காற்றில் போன தூரம் சராசரி 128 கஜம், முக்கால் இன்ச் குறைந்த கிளப்பில் 133. கம்பி குட்டையானால் தூரம் குறையும் என்றுதான் எல்லாரும் நினைப்போம், நடுமுகத்தில் பட்டால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. 36 அரையில் எனக்கு முழங்கால் மடங்கிக் குனிந்து போய்விட்டது, தடம் நுனிப்பக்கம் ஓடியது. கால் இன்ச்சில் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டேன். "மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பவர் பாக்கும்போது கால் கால்னுதான சார் மாத்துவாரு" என்றார்.

ஆக எல்லா அயர்னும் கம்பெனி நீளத்தில் இருந்து கால் இன்ச் குறைவு என்று முடிவு. பழைய செருகலைச் சூடு காட்டி உருவினார், கிரிப்பைக் கொக்கிக் கத்தியால் கீறி எடுத்தார், பைப் கட்டரில் கம்பியைச் சுற்றிச் சுற்றி அறுத்தார். அறுத்தது மேல்முனையில், கிரிப் பக்கம். இது முக்கியம். கீழ்முனையில், தலை சேருகிற பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் விறைப்பாகிவிடும், குணமே மாறிவிடும். ஊரில் லேத் பட்டறையில் கொடுத்து வெட்டலாம் என்று நானும் முதலில் யோசித்தேன். ஸ்டீல் என்றால் வெட்டிவிடலாம்தான், கிராஃபைட் ஷாஃப்டை அங்கே கொடுத்துவிடாதீர்கள், கட்டரில் நெரித்தால் நார் நாராகப் பிரிந்துவிடும், டேப் சுற்றி மெல்லிய பல் ரம்பத்தில்தான் அறுக்க வேண்டும். கால் இன்ச் போனதில் ஸ்விங் வெயிட் ஒன்றரைப் புள்ளி இறங்கியது, தலைக்குப் பின்னால் மூன்று கிராம் ஈயத் தகடு ஒட்டிச் சரி செய்தார். இரண்டு கிராமுக்கு ஒரு புள்ளி என்பது அவர் கணக்கு. லையைத் திரும்பப் பார்த்ததில் 7 அயர்னின் மைக்கோடு நிமிர்ந்து நின்றது, 5 அயர்னை மட்டும் மெஷினில் மாட்டி லேசாக வளைத்தார்.

டிரைவருக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். கடையில் விற்கிற டிரைவர் பெரும்பாலும் 45 அரை, 45 முக்கால் இன்ச். நீளமானால் வேகம் கூடும், வேகம் கூடினால் தூரம் கூடும், விளம்பரத்துக்கு அது வசதி. விதிப்படி பட்டரைத் தவிர எந்தக் கிளப்பும் 48 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது; 2022 ஜனவரியில் இருந்து பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 46 என்று தனி விதியே கொண்டுவர இடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் ஃபில் மிக்கெல்சன் 50 வயசில் 47.9 இன்ச் டிரைவரை வைத்துக்கொண்டு பிஜிஏ சாம்பியன்ஷிப் அடித்தார். அவர் அடிக்கலாம். பந்து அடிப்பதே தொழிலான ஆள். நானும் நீங்களும் வாரத்துக்கு ஐம்பது அடித்தால் பெரிய விஷயம். தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே நிறையப் பேர் கடையில் விற்பதைவிடக் குட்டையான டிரைவர்தான் வைத்திருக்கிறார்கள், ரிக்கி ஃபௌலர் ஒரு கட்டத்தில் 43 அரைக்கே இறக்கிவிட்டார்.

என் டிரைவர் 45 முக்கால். பவுடர் தட்டி அடித்ததில் முகம் முழுக்க அம்மை போட்ட மாதிரி தடம், நடுவில் மட்டும் சுத்தமாக இருந்தது. அயர்னில் செய்த மாதிரியே ஒரு இன்ச் இறக்கிப் பிடித்து அடிக்கச் சொன்னார். தடங்கள் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் வந்துவிட்டன என்று சொன்னால் பொய்யாகிவிடும், ஆனால் ஒரு முறுக்கு அளவுக்குள் வந்தன. 44 முக்காலுக்கு அறுத்துவிட்டோம். ஒரு இன்ச் போனதால் ஆறு புள்ளி இறங்கும், தலை காற்று மாதிரி ஆகிவிடும். அடியில் இருந்த திருகு எடையைக் கழற்றிப் பத்து கிராம் கூடினதாக மாட்டினார். வீட்டிலேயே டிரைவரை அறுக்க நினைக்கிறவர்கள் இதை யோசிக்காமல் ரம்பத்தை எடுக்க வேண்டாம். ஒரு மாசம் இறக்கிப் பிடித்து ஆடிப்பாருங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது என்றில்லை, ஒட்டினால் மறுபடி செருகல், மறுபடி எடை, மறுபடி என் கதைதான்.

மொத்தம் நாலே கால் மணி நேரம். ஃபிட்டிங்குக்கு நாலாயிரம், வேலைக்கூலியும் கிரிப்பும் தனி, எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆனது. பாதிச் செலவு கிரிப்புக்குத்தான், ஏனென்றால் கிழித்த கிரிப்பைத் திரும்ப மாட்ட முடியாது. பெரிய கடையில் 'இலவசம்' என்று செய்த வேலையைக் கலைக்க எனக்கு ஆன தண்டம் இது. குறை சொல்லாமல் இருக்க முடியாது: பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார், கார்டு கிடையாது, கிரிப்பில் இரண்டே ரகம்தான் வைத்திருந்தார், அதிலும் என் கைக்குத் தடிமனானது இல்லை, இன்னும் ஒரு சுற்று டேப் சுற்றிச் சமாளித்தார். டிரைவர் அன்றே முடிந்துவிட்டது, அயர்ன்கள் பார்சலில் வந்துசேரப் பன்னிரண்டு நாள். அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் நானே அளந்து பார்த்தேன், ஒரு தடவை சூடு பட்டவன் இல்லையா. அளக்கிற முறையும் இருக்கிறது. கிளப்பை ஆடுகிற நிலையில் தரையில் வைத்து, குதிக்குப் பின்னால் இருந்து ஷாஃப்ட்டை ஒட்டியே ஸ்கேலைச் சாய்த்து, கிரிப்பின் தொப்பி விளிம்பு வரை பார்க்க வேண்டும். சும்மா நிமிர்த்தி வைத்து டேப் பிடித்தால் கணக்கு தப்பும். 5 அயர்னில் ஆரம்பித்து ஒவ்வொன்றும் அரை இன்ச் குறைந்துகொண்டே வரவேண்டும், வந்தது. 9 அயர்ன் மட்டும் ஒரு நூல் கூட இருந்தது. போன் போட்டுச் சொன்னதற்கு, "அது கிரிப் முழுசா உக்காரலியா இருக்கும் சார், தொப்பியத் தரையில ரெண்டு தட்டுத் தட்டுங்க" என்றார். டேப் பசை காய்ந்துவிட்ட பிறகு எங்கே தட்டுவது. விட்டுவிட்டேன். ஒரு நூலை உணர்கிற அளவுக்கு நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை.

போன மாசம் கொடைக்கானலில் ஆடினேன். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெல்லிசு, பந்து கொஞ்சம் கூடவே போகும், அதனால் அங்கே கிடைத்த தூரத்தை வைத்துப் பெருமை அடித்துக்கொள்ளப் போவதில்லை. திசைதான் பார்த்தேன். இடது பக்க இழுப்பு நின்றுவிட்டது. கழுத்தில் பட்டுத் தெறிப்பது பதினெட்டுக் குழியில் ஒரே ஒரு தடவை, அதுவும் கால் வழுக்கினதில். அங்கே சரிவுகள் அதிகம், பந்து காலைவிட மேட்டில் கிடந்தால் எந்த நீளக் கிளப்பும் நீளமாகிவிடும், இறக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். முன்னே ஏற்கெனவே இடிக்கிற கம்பியை இன்னும் இறக்கிப் பிடித்தால் நுனி வயிற்றில் குத்தும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. முதுகு வலி முழுசாகப் போகவில்லை. அது வயசுதான் போல.

மார்க் போடச் சொன்னால் மொட்டைமாடி ஆளுக்குப் பத்துக்கு எட்டு. தாமதத்துக்கு ஒன்று, கிரிப் ரகத்துக்கு ஒன்று குறைத்தாகிவிட்டது. பெரிய கடைக்கு, கிளப்புகள் நல்ல சரக்கு, போலி இல்லை, விலையும் அநியாயம் இல்லை, அதற்காக நாலு. அங்கே வாங்குங்கள், தப்பில்லை. கம்பெனி நீளத்திலேயே வாங்கிக்கொண்டு, "ஃபிட்டிங் வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பட்டர் மட்டும் இன்னும் பாக்கி. 35 இன்ச் வாங்கிவிட்டேன், என் கைக்கு அது நிச்சயம் நீளம். குனிந்து நின்றால் கண் பந்துக்கு நேர் மேலே வராமல் ஒரு சாண் உள்ளே வருகிறது. 34 போதுமா, 33க்கு இறங்க வேண்டுமா என்று ராத்திரி சாப்பிட்ட பிறகு வளவில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆத்தங்குடிக் கல்லின் கோடுகள் நேர் பார்க்க வசதி, ஆனால் தரை வழவழவென்று இருப்பதால் பந்து நிற்காமல் ஓடுகிறது, ஜமுக்காளம் விரித்துத்தான் அடிக்கிறேன். தை பிறந்ததும் பட்டரை எடுத்துக்கொண்டு சென்னை போகணும். ஒற்றைக் கம்பிதானே, கச்சேரி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேற்று கருவேலம் வெட்டுகிறவர் மறுபடி வந்திருந்தார், 7 அயர்னை வாங்கி இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரியா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, கிரிப்பைப் பார்த்தார். "இந்த ரப்பர் மட்டும் நம்ம மம்பட்டிக்குப் போட்டா எப்படி இருக்கும்?"

அடுத்த தடவை போகும்போது ஒன்று கூட வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.